ஆணி சிவந்த நாள்

பிப்ரவரி 5, திங்கள்

தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் எஸ்தர் டீச்சர். "பாடம் உங்களுக்கு ஏறுது தாயி, கைதான் ஓடமாட்டேங்குது. எதையாவது எழுதுங்க, மனசுல பட்டதை எழுதுங்க" என்றார்கள். அதனால் இந்த நோட்டு.

என் பெயர் சண்முகத்தாய். வயசு நாற்பத்திரண்டு. நகராட்சி நடுநிலைப்பள்ளியில் பதினோரு வருஷமாகச் சத்துணவுச் சமையலர். எஸ்தர் டீச்சர்தான் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஏப்ரலில் பத்தாம் வகுப்பு தனித்தேர்வு எழுதுகிறேன். பாஸ் பண்ணினால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம்.

இன்றைக்கு சாம்பார் சாதம், முட்டை. பதிவேட்டில் 126 பேர். நான் தட்டில் போட்டது 115. மேலத்தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அறிவியலில் உலோகங்கள் பாடம். அமிலத்தில் போட்டால் மெக்னீசியம் பொங்குமாம். துத்தநாகம் கொஞ்சம் அடக்கம். இரும்பு மெதுவாகக் குமிழ் விடும். செம்பு சும்மா கிடக்கும். எங்கள் தெருவிலும் இந்த நாலு விதமான ஆட்கள் உண்டு என்று வைத்துக்கொண்டேன். மறக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வருவதற்குள் பதினொன்றரை. ஓடிய ஓட்டத்தில் எழுதத் தெம்பில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

நாளைக்கு விளையாட்டு விழா. பால்வண்ணன் அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு ஒரு செம்பு அண்டா கொடுத்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், பெற்றோர் சங்கத் தலைவர். மூன்று பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள். வெயிலில் அது மின்னியதைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டின. "எவர்சில்வர் எல்லாம் என்னத்துக்கு ஆகும்? செம்புல வச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லது" என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் டீச்சர்களும் சில அம்மாமாரும் உட்கார்ந்து முந்நூறு எலுமிச்சை பிழிந்தார்கள். சாற்றையும் உப்பையும் அண்டாவில் போட்டு ஈரத்துணியால் மூடி வைத்தார்கள். காலையில் தண்ணீரும் சீனியும் கலந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. நானும் அரிவாள்மனையோடு போய் நின்றேன். மேலத்தெரு விஜயராணி நிமிர்ந்து பார்க்காமலே, "நீ உன் சமையக்கட்டப் பாரும்மா. சாற நாங்களே பிழிஞ்சிக்கிடுவோம்" என்றாள்.

எனக்கும் வேலை மிச்சம்.

பிப்ரவரி 9, வெள்ளி

எல்லாப் பிள்ளைகளும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 10, சனி

முப்பத்தெட்டுப் பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் ஆபத்தில்லை. அது தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நேற்று நடந்தது இது. பன்னிரண்டரைக்குத் தக்காளி சாதமும் முட்டையும் போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டதும் வீட்டுக்குப் போய்விட்டன. மற்றவர்களுக்கு ஒன்றேகாலுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். அண்டாவிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் மொண்டு மொண்டு வரிசையாக ஊற்றினார்கள். ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன். பத்து நிமிஷத்தில் மைதானம் முழுக்க வாந்தி. ஆம்புலன்ஸ் இரண்டு நடை போனது. எங்கள் வீட்டுக்காரர் செல்லச்சாமியும் லோடு ஆட்டோவில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஒரு சின்னப் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தேன். "ஜூஸு காசை நக்குன மாதிரி இருந்துச்சு ஆயா" என்றது அது. வாந்தி எடுக்கிற பிள்ளை என்னமோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் விஜயராணி என்னைப் பார்த்ததும் கத்தினாள். "எம் பிள்ளைக்கு என்னத்தடி ஆக்கிப் போட்ட? உன்னையெல்லாம் சமைக்க விட்டாங்க பாரு, அவங்களச் சொல்லணும்!"

அவள் மகன் என் கையால் ஒரு பருக்கை தின்றதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நூறு பேர் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரிகள் வந்து மிச்சச் சோற்றையும் முட்டையையும் டப்பாவில் எடுத்துப் போனார்கள். பதிவேட்டைப் பார்த்தார்கள். வாந்தியெடுத்த முப்பத்தெட்டுப் பேருக்கும் நேராக 'உண்டவர்' என்று இருந்தது. விசாரணை முடிகிறவரை நான் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

சாவியை ஒப்படைக்கப் போனேன். வெள்ளிக்கிழமைப் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. அழுக்குப் பாத்திரத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. உட்கார்ந்து எல்லாவற்றையும் தேய்த்தேன்.

மூலையில் ஜூஸ் வாளி. பாதி மிச்சம் இருந்தது. அந்தக் கலவரத்தில் யாரோ என் இரும்புக் கரண்டியை அதற்குள் போட்டிருக்கிறார்கள். வெளியே எடுத்தேன். மூழ்கியிருந்த பகுதி மட்டும் சிவப்பாக இருந்தது. துரு என்று நினைத்து விரலால் வழித்தேன். துரு என்றால் கையில் ஒட்டும். இது ஒட்டவில்லை. துணியால் துடைத்தேன். புதுச் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னியது.

இரும்புக் கரண்டியில் செம்பு எப்படி ஏறும்?

டீச்சர் பார்க்குமுன் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். மிச்ச ஜூஸை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, 'குடிக்காதே' என்று எழுதி ஒட்டினேன். திருட்டு மாதிரி இருந்தது. இருந்தாலும் எடுத்து வந்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வேலை இல்லாததால் காலையிலேயே புத்தகம். உலோகப் பாடத்தை மூன்று தடவை படித்தேன். செம்பு கரைந்திருக்கிற தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு கரைந்து இறங்கும், செம்பு ஆணிமேல் ஏறி உட்காரும். இருக்கிறவனை எழுப்பிவிட்டு இன்னொருவன் உட்காருகிற மாதிரி. அப்படியென்றால் அந்த ஜூஸில் செம்பு கரைந்திருந்தது. அண்டாவைத் தவிர வேறு எங்கிருந்து வரும்?

புத்தகத்தை மூடக்கூட மறந்து எழுந்தேன். சந்தோஷத்தில்தான்.

உடனே எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கரண்டியைக் காட்டினேன். டீச்சர் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாயி, செம்பு நீர்த்த ஆசிட்டோட சேராது. உங்க புத்தகத்துலயே இருக்கு. எலுமிச்சை அதைவிடச் சாதாரண ஆசிட். கரையாதும்மா" என்றார்கள்.

உண்மைதான். 'வினைபுரியாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எட்டு நாளைக்கு முன்னால் நானே அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

வழியெல்லாம் கரண்டியைப் பையில் தடவிக்கொண்டே நடந்தேன். புத்தகம் பொய் சொல்லாது. என் கரண்டியும் பொய் சொல்லாது. வேறு எதையோ நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடைப் பையன்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "செம்புச் சொம்பு ரெண்டு இரவல் வேணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அவர் தங்கச்சி பேத்தியும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். "எதுக்கும்மா?" என்றார்.

"ஒண்ணு பாக்கணும். பொய்யின்னு ஆச்சுன்னா நானே வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

"நெசமின்னு ஆச்சுன்னா?"

"அப்பவும் வந்து சொல்லுவேன்."

எழுந்து போய் அவரே இரண்டு சொம்பு எடுத்துக் கொடுத்தார். "அண்டாவுக்கு உள்ள ஈயம் பூசியிருந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இப்ப யாரு பூசச் சொல்லுதா? செம்பு அப்படியே படணும்னுதான வாங்கிட்டுப் போறாங்க" என்றார். சொல்லி முடித்ததும் முகம் மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டேன். ஒரு சொம்பில் விளிம்பு வழிய ஊற்றி, பாலித்தீன் தாளை இறுக்கிக் கட்டினேன். இன்னொரு சொம்பில் பாதி ஊற்றி, அன்றைக்கு மாதிரியே ஈரத்துணி போட்டு மூடினேன். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தனியாக வைத்தேன். "என்னட்டி, ஊறுகாய் போடுதியா?" என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

மூன்றையும் மூன்று டம்ளரில் ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்த ஆணியை ஒவ்வொன்றிலும் போட்டேன். மூன்றிலும் ஆணியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ். அது இரும்பும் புளிப்பும் செய்கிற வேலை, பாடத்தில் உள்ளபடிதான். மத்தியானம் எடுத்துப் பார்த்தேன்.

கண்ணாடியில் இருந்த சாற்றில் ஆணி கறுத்திருந்தது. மூடிக் கட்டிய சொம்பின் சாற்றில் லேசான சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. ஈரத்துணி போட்ட சொம்பின் சாற்றில் ஆணி தலைக்குக் கீழே முழுக்கச் செம்பு.

காற்று! காற்று பட்டதால்தான் கரைந்திருக்கிறது. புத்தகத்தில் செம்பும் அமிலமும் இரண்டு பேர்தான். எங்கள் அண்டாவில் மூன்றாவதாகக் காற்றும் உட்கார்ந்திருந்தது.

அடுப்படியிலேயே எழுந்து நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

சொன்ன வாக்குப்படி அண்ணாச்சியிடம் காட்டிவிட்டு, மூன்று ஆணிகளையும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்து டீச்சர் முன்னால் நீட்டினேன். அவர்கள் ஏதோ தடிமனான புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். பிறகு, "ஆக்சிஜன். காத்துல உள்ள ஆக்சிஜன் செம்பைப் பிடிக்குது, ஆசிட் அதைக் கரைச்சிருது. உப்பு வேற துணைக்கு. நான் படிச்சுதான் இருக்கேன் தாயி. ஞாபகம் வராமப் போச்சே" என்றார்கள். செம்பு வயிற்றில் கூடினால் உடனே வாந்தி வரும் என்பதையும் வாசித்துக் காட்டினார்கள்.

"அப்ப விசாரணையில சொல்லிருவோம் டீச்சர். மேலத்தெருப் பிள்ளைங்க சாப்பிடவே இல்லங்கிறதையும் சொல்லிருவோம்."

டீச்சர் புத்தகத்தை மூடினார்கள். "பதிவேட்டுல அவங்க பேரும் சாப்பிட்டதா இருக்கு. ஆறு வருஷமா நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏன் சாப்பிடலன்னு மேல இருந்து கேட்டா என்ன சொல்லன்னு பயந்து எழுதுனது. இப்ப மாத்திச் சொன்னா என் மேல நடவடிக்கை வரும். ஆணி மட்டும் போதாதா?"

எனக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். எப்படி வற்புறுத்துவேன்? "யோசிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கோபம் எதுவும் இல்லை. வீட்டில் ஒரு தட்டு கை தவறி உடைந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். இதுவரை வந்ததில்லை. கையில் பள்ளிக்கூடச் சாவி. "வாங்க தாயி, அண்டாவுலயே செஞ்சு வைப்போம். அண்ணாச்சியும் வாராரு" என்றார்கள்.

நூறு பழம். நானும் டீச்சரும் அண்ணாச்சியும் உட்கார்ந்து பிழிந்தோம். அண்டாவில் ஊற்றி உப்புப் போட்டு ஈரத்துணியால் மூடினோம். ஒரு கண்ணாடி ஜாடியிலும் ஊற்றினோம். அண்ணாச்சி வாசலைப் பூட்டிச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

பதிவேட்டைப் பற்றி டீச்சர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

எல்லாவற்றையும் விடாமல் எழுதப் போகிறேன். கை வலித்தால் வலிக்கட்டும்.

பத்து மணிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் அம்மா வந்தார்கள். பெரிய வகுப்பறையில் மேசை. பெற்றோர் அறுபது பேருக்கு மேல். விஜயராணி முன் பெஞ்சில். நான் கடைசியில் சுவரோரம் நின்றேன்.

"நான் ஒண்ணு செஞ்சு காட்டலாமாம்மா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சர் எழுந்து, "அனுமதிக்கணும் மேடம்" என்றார்கள். எல்லார் முன்னாலும் இரண்டு ஆணியைத் தேய்த்தேன். அலுவலர் அம்மாவே ஒன்றை அண்டாச் சாற்றில் போட்டார்கள், ஒன்றை ஜாடிச் சாற்றில் போட்டார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்கள். "ரெண்டு மணி நேரம்மா." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

விசாரணை தொடங்கியது. அலுவலர் அம்மா முப்பத்தெட்டுப் பெயரையும் வாசித்தார்கள். "இவங்க எல்லாருமே அன்னைக்குச் சத்துணவு சாப்பிட்டிருக்காங்க. வேற என்ன சொல்றீங்க?"

சுவரை விட்டு முன்னால் வந்தேன். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க பத்தொம்பது பேரு அதே சோத்தத்தாம்மா சாப்பிட்டாங்க. ஜூஸு குடிக்காம வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க வாசிச்சதுல ஒம்பது பேரு என் சோத்தத் தொடவே இல்ல. அவங்களும் வாந்தி எடுத்தாங்க."

"பதிவேட்டுல சாப்பிட்டதா இருக்கே?"

நான் டீச்சரைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது.

"பதிவேடு தப்பு மேடம்" என்றார்கள் எஸ்தர் டீச்சர். "அந்த ஒம்பது பேரு மட்டும் இல்ல, பதினோரு பேரு. ஒரு நாளும் இங்க சாப்பிட்டதில்ல. சாப்பிட்டதா எழுதுனது நான். எதுவானாலும் என் மேல எடுங்க."

அறை முழுக்கச் சலசலப்பு. அலுவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "ஏன் சாப்பிட மாட்டாங்க?"

பதினோரு வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஒருவர் வாயிலும் வரவில்லை. நான்தான் சொன்னேன்.

"நான் சமைக்கிறதாலம்மா. கீழத்தெருக்காரி கையால திங்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி அனுப்புதாங்க."

சொல்லிவிட்டேன்.

அலுவலர் அம்மா பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக எழுப்பினார்கள். முதலில் விஜயராணி. "உங்க மகன் அன்னைக்கு என்ன சாப்பிட்டான்? அவன் உடம்பு விஷயம், உண்மையைச் சொல்லுங்க."

அவள் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "தயிர்சாதம்" என்றாள்.

"யார் குடுத்தது?"

"நான்தான் கட்டிக் குடுத்தேன்." முந்தானையை விட்டுவிட்டு, "அவன் இங்க சாப்பிடல" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக, எலுமிச்சை சாதம், இட்லி, தயிர்சாதம் என்று சொன்னார்கள்.

பன்னிரண்டரைக்கு அலுவலர் அம்மா இடுக்கியால் ஆணிகளை எடுத்தார்கள். ஜாடி ஆணி கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அண்டா ஆணி சிவப்பு. கைக்குட்டையால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். கடைசி பெஞ்சு வரைக்கும் மின்னியது. சிரித்த ஆள் எழுந்து நின்று பார்த்தான்.

"இது உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றார்கள்.

"என் கரண்டிம்மா. அப்புறம் பத்தாங்கிளாஸ் புத்தகம்."

நான் பாட்டிலில் வைத்திருந்த அன்றைய ஜூஸையும் வாங்கி முத்திரை வைத்தார்கள், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப.

அண்ணாச்சி கூட்டத்தின் நடுவில் எழுந்தார். "அண்டா என் கடையில இருந்து வந்தது. நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தேன். தெரியாம செஞ்சாலும் செஞ்சது நான். இந்தத் தாயி மேல போட்ட பழிய முதல்ல எடுங்க" என்று கை கூப்பினார்.

வெளியே வந்ததும் கண் எரிந்தது. எலுமிச்சை பட்ட கையால் தேய்த்திருப்பேன். வீடு போகிறவரை நிற்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

ஆய்வு முடிவு வந்துவிட்டது. சோற்றிலும் முட்டையிலும் குறை எதுவும் இல்லை. ஜூஸில் செம்பு அளவுக்கு மேல், பல மடங்கு. டீச்சருக்குப் பதிவேட்டுக்காக விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. "வரட்டும் தாயி, எனக்கு இப்பத்தான் நிம்மதி" என்றார்கள்.

என்னை நகராட்சி அலுவலகத்தில் கூப்பிட்டு, வேறு பள்ளிக்கு மாற்றிக் கொடுக்கிறோம், பிரச்சினை இல்லாமல் இருக்கலாம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

"பழி இங்கதான சார் போட்டாங்க? இங்கதான் வேல பாப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல நூறு பேரு கேக்கத் திட்டுனாங்க. அதனால முடிவையும் நூறு பேரு கேக்கப் படிக்கணும். பள்ளிக்கூடத்துல, மைக்குல" என்றேன்.

நானா பேசினேன் என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரி என்றார்கள்.

பிப்ரவரி 26, திங்கள்

காலை வழிபாடு. பிள்ளைகள் வரிசையில். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பெற்றோர், மேலத்தெருக்காரர்களும்தான். நான் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்து கேட்டருகே நின்றார்.

எஸ்தர் டீச்சர் கடிதத்தை மைக்கில் படித்தார்கள். எலுமிச்சைச் சாறு, ஈயம் பூசாத செம்புப் பாத்திரம், இரவு முழுதும், எல்லாம் வந்தது. பிறகு, "சமையலர் திருமதி செ. சண்முகத்தாய்" என்று ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு மணல் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. மீதி ஒன்றுமே காதில் விழவில்லை. டீச்சர் தாளை மடிக்கப் போனார்கள்.

நான் வரிசையை விட்டு இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.

"டீச்சர், கடைசி வரி கேக்கல. இன்னொரு தடவ படிங்க."

டீச்சர் தாளை விரித்தார்கள். லாரி முழுசாகப் போய்ச் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தார்கள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு சொல்லாக, தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தார்கள்.

"சமையலர் திருமதி செ. சண்முகத்தாய் சமைத்த உணவில் எந்தக் குறையும் இல்லை."